பழைய அரசுத் தாள் வேண்டுமா: காரைக்குடியா, மதுரையா, எழும்பூரா, பத்து ரூபாய் மனுவா?

கடலுக்குப் போக விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள். பாக் நீரிணைப் பக்கம் கடல் தொழில் பார்க்கும் எல்லோருக்கும் இது மனப்பாடம், ராமேஸ்வரத்திலோ மண்டபத்திலோ பள்ளிக்கூடப் பையனைக் கேட்டால்கூடச் சொல்வான். சரி, அந்தக் கட்டுப்பாட்டைப் போட்ட தாள் எது, எந்தத் துறை போட்டது, என்ன தேதி என்று கேட்டுப் பாருங்கள். பெரியவர்கள் "அதெல்லாம் அப்பவே பேசி முடிச்சது" என்பார்கள், சங்கத்து ஆட்கள் "ஒரு ஜெராக்ஸ் எங்கேயோ இருந்துச்சு" என்பார்கள், அத்தோடு பேச்சு நின்றுவிடும். தகராறு வரும்போதுதான் அந்தத் தாள் இல்லாதது உறைக்கும்.

மீன்பிடிக் கட்டுப்பாடு என்றில்லை. தனுஷ்கோடிப் புயலைப் பற்றி ப்ராஜெக்ட் எழுதும் கல்லூரிப் பிள்ளைகள், தாத்தா காலத்து மனை எப்படிப் புறம்போக்கு ஆனது என்று அலையும் குடும்பங்கள், தீவுப் பக்கம் போனால் வனத்துறை பிடிக்கிறது, எந்த அறிவிப்பில் எங்கள் கடல் போனது என்று கேட்கும் கீழக்கரை, ஏர்வாடிப் பக்கத்து ஆட்கள், எல்லாரும் கடைசியில் ஒரே கேள்விக்குத்தான் வருகிறார்கள்: எங்கே போய்த் தேடுவது? காரைக்குடி, மதுரைப் பல்கலைக்கழக நூலகத்துக்கா, சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கா, அலுவலகத்தில் பத்து ரூபாய் கட்டித் தகவல் உரிமை மனு போடுவதா, இல்லை கையில் இருக்கிற போனே போதுமா?

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பல்கலைக்கழக நூலகத்துக்குத்தான் முதலில் போக வேண்டும், ஆனால் அங்கே போவது தாளை வாங்குவதற்கு இல்லை. தாளின் எண், தேதி, துறை மூன்றையும் பிடிப்பதற்கு. இந்த மூன்றும் கையில் இருந்தால் எழும்பூரும் வேலை செய்யும், பத்து ரூபாய் மனுவும் வேலை செய்யும். இல்லாவிட்டால் இரண்டு இடத்திலும் "எந்த ஆண்டு, எந்த எண் என்று குறிப்பிடவும்" என்று கேட்டுத் திருப்பி அனுப்புவார்கள், அவர்கள் மேலும் தப்பு சொல்ல முடியாது, அத்தனை தாள் இருக்கிறது.

கிளம்புவதற்கு முன் ஒன்றைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். நீங்கள் தேடுவது அச்சடித்து வெளியிட்டதா, அலுவலகக் கோப்பா? கெஜட், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, மாவட்டக் கையேடு, சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்பு, விசாரணைக் கமிஷன் அறிக்கை, துறையின் ஆண்டறிக்கை இவையெல்லாம் அச்சில் வந்தவை. இவற்றுக்குப் பல பிரதிகள் உண்டு, ஓர் இடத்தில் இல்லையென்றால் இன்னோர் இடத்தில் இருக்கும். கோப்பு அப்படியில்லை. தாசில்தார் எழுதிய குறிப்பு, கலெக்டருக்குப் போன அறிக்கை, அதன் மேல் கிறுக்கிய ஒப்புதல், இதெல்லாம் உலகத்தில் ஒரே ஒரு பிரதிதான், அதுவும் எந்த அலுவலகத்தில் பிறந்ததோ அங்கேயோ அல்லது அங்கிருந்து போன காப்பகத்திலோதான் இருக்க முடியும். எந்தப் பல்கலைக்கழக நூலகத்திலும் கோப்பு கிடைக்காது. இது தெரியாமல் கிராமக் கணக்கைத் தேடிக் காரைக்குடிக்குப் பஸ் ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள்.

இரண்டாவது, நம் மாவட்டத்தின் கதை. இதை நான் கொஞ்சம் விரிவாகச் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் பாதித் தேடல் இங்கேதான் வழி தவறுகிறது. 1910 வரை ராமநாதபுரம் என்று தனி மாவட்டமே கிடையாது, நம் கடற்கரை மதுரை மாவட்டத்தில் இருந்தது. ஆகவே 1906-ல் வந்த மாவட்ட கெஜட்டியரில் (மாவட்டத்தின் வரலாறும் விவரமும் தொகுத்த அரசு நூல், கெஜட் வேறு) ராமநாதபுரத்தைத் தேடினால் மதுரை என்ற தலைப்பில்தான் கிடைக்கும். 1910-ல் மதுரையிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் வெட்டி எடுத்து மாவட்டம் ஆக்கினார்கள், ஆனால் தலைமையிடம் ராமநாதபுரத்தில் இல்லை, மதுரையில் இருந்துதான் நடந்தது. 1985-ல் மூன்றாகப் பிரித்து சிவகங்கையும் விருதுநகரும் தனியாகப் போன பிறகுதான் இன்றைக்கு நாம் பார்க்கிற ராமநாதபுரம் வந்தது. 1981 கணக்கெடுப்பில் 33 லட்சத்துக்கு மேல் இருந்த மாவட்டம் 2011-ல் 13.5 லட்சம் ஆனது ஜனங்கள் ஊரைக் காலி செய்ததால் இல்லை. அந்தப் பழைய எண்ணிக்கையில் சிவகாசியும் ராஜபாளையமும் காரைக்குடியும் சேர்ந்திருந்தன. இதைக் கவனிக்காமல் இரண்டு எண்ணையும் ஒரே அட்டவணையில் போட்டு "மக்கள்தொகை வீழ்ச்சி" என்று எழுதினால் ப்ராஜெக்ட் முழுக்க வீண்.

அதோடு ஜமீன். 1803-ல் நிரந்தர நிலவரித் திட்டத்தின் கீழ் வந்ததிலிருந்து 1948 ஜமீன் ஒழிப்புச் சட்டம் நடைமுறைக்கு வரும்வரை ராமநாதபுரம் சமஸ்தானத்துக் கிராமங்களில் நிலக் கணக்கு வைத்திருந்தது பெரும்பாலும் சமஸ்தானத்து ஆட்கள், சர்க்கார் இல்லை. அதனால் "1890-ல் எங்கள் நிலத்துக்கு அரசுப் பட்டா யார் பெயரில்" என்று கேட்டால் பதில் வராததற்கு யாருடைய சதியும் காரணம் இல்லை. நடுவில் ஒரு விதிவிலக்கு உண்டு: பாஸ்கர சேதுபதி சிறு வயதாக இருந்தபோது 1873 முதல் 1889 வரை சமஸ்தானம் கோர்ட் ஆஃப் வார்ட்ஸ் நிர்வாகத்தில் இருந்தது, அதாவது சர்க்காரே நடத்தியது. அந்தக் காலத்துக்கு மட்டும் ரெவின்யூ போர்டு (மாகாண வருவாய் நிர்வாகத்தின் மேல்மட்டக் குழு) நடவடிக்கைகளில் நம் பக்கத்து விவரம் கொட்டிக் கிடக்கும். சமஸ்தானத்தைப் பற்றிய அச்சுக் கையேடு 1889-ல் வந்ததும் அந்த நிர்வாகத்தின் பலன்தான். ஆக உங்கள் கேள்வி எந்த ஆண்டில் விழுகிறது என்பதைப் பொறுத்தே எங்கே போவது என்பது மாறும்.

இப்போது நூலகங்களுக்கு வருவோம்.

காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகம் நமக்குப் பக்கம். ராமநாதபுரத்திலிருந்து தேவகோட்டை வழியாகக் காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம், தொண்டிக்காரர்களுக்கு இன்னும் சுலபம் (தொண்டியிலேயே அவர்களுடைய கடலியல் துறை இருக்கிறது). நம் மாவட்டக் கல்லூரிகள் அதோடு இணைந்தவை என்பதால் கல்லூரி முதல்வரிடமோ துறைத் தலைவரிடமோ ஒரு கடிதம் வாங்கிப் போனால் உள்ளே உட்கார்ந்து படிக்க அனுமதி கேட்பது எளிது. ஆனால் பல்கலைக்கழகம் பிறந்ததே 1985-ல். அதற்கு முன் வந்த அரசு வெளியீடு அங்கே இருக்க வேண்டுமானால் பிறகு யாராவது வாங்கியிருக்க வேண்டும் அல்லது நன்கொடையாக வந்திருக்க வேண்டும். 1991 கணக்கெடுப்புக்குப் பிறகு உள்ளவை, மூன்றாகப் பிரிந்த பின் வந்த மாவட்டப் புள்ளியியல் கையேடுகள், இப்படிப்பட்டவைதான் உங்கள் தேவை என்றால் காரைக்குடியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

மதுரை காமராசர் பல்கலைக்கழகம் 1966-ல் தொடங்கியது. அந்த இருபது ஆண்டு வித்தியாசம் சாதாரணம் இல்லை. 1961 கணக்கெடுப்பின் தொகுதிகள் அச்சில் வந்துகொண்டிருந்த சமயம், 1972-ல் ராமநாதபுரத்துக்கென்றே அரசு கெஜட்டியர் வெளிவந்த சமயம், அப்போதே அங்கே புத்தகம் வாங்கும் நூலகம் ஒன்று இருந்தது, வரலாற்றுத் துறை இருந்தது. மாவட்டத் தலைமையிடமும் மதுரையிலேயே இருந்த காலம் அது. ஆகவே ஜமீன் ஒழிப்பிலிருந்து எமர்ஜென்சி வரைக்கும் உள்ள எதற்கும் நான் மதுரையைத்தான் சொல்வேன். அலைச்சல் உண்டு: நம் பஸ் மாட்டுத்தாவணியில் இறக்கிவிடும், பல்கலைக்கழகமோ நகரத்துக்கு அந்தப் பக்கம் தேனி ரோட்டில் நாகமலையைத் தாண்டி இருக்கிறது, ஊரையே குறுக்கே கடக்க வேண்டும். ரயிலில் போனால் ஜங்ஷனிலிருந்து பெரியார் நிலையத்துக்கு நடந்துபோய் பஸ் பிடிக்கலாம், அது தேவலை.

சென்னைப் பல்கலைக்கழக நூலகம் இரண்டையும்விட ஆழம், 1857-ல் தொடங்கிய பல்கலைக்கழகம், கேட்கவே வேண்டாம். ஆனால் அவ்வளவு தூரம் போகிறவர் எழும்பூருக்கும் கன்னிமாரா பொது நூலகத்துக்கும் சேர்த்தே திட்டம் போட வேண்டும், சேப்பாக்கத்தில் உள்ள அந்தப் பல்கலைக்கழக நூலகத்துக்காக மட்டும் போவது பணத்துக்குக் கேடு. கன்னிமாராவில் 1954 சட்டப்படி இந்தியாவில் அச்சாகும் புத்தகங்களின் பிரதி வந்து சேர்கிறது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

எந்தப் பல்கலைக்கழகமாக இருந்தாலும் அரசு வெளியீடுகளைத் தேடுவதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. இந்தப் புத்தகங்களுக்கு ஆசிரியர் பெயர் பெரும்பாலும் ஆள் பெயராக இருக்காது, அரசும் துறையும்தான் ஆசிரியர். கணினிப் பட்டியலில் "தனுஷ்கோடி" என்று தட்டினால் பயண நூல்கள் வரும், புயல் நிவாரண அறிக்கை வராது. "மெட்ராஸ்" என்று போட்டு, அதன் கீழ் வருவாய்த் துறை, மீன்வளத் துறை என்று இறங்க வேண்டும். ஊர்ப் பெயருக்கு ராம்நாட், ராமநாதபுரம், மதுரா எல்லாவற்றையும் ஆங்கில எழுத்துக்கூட்டல் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்க வேண்டும். அதைவிட முக்கியம், பல நூலகங்களில் இந்தப் பகுதி கணினிப் பட்டியலில் முழுசாக ஏறியே இருக்காது. ரெஃபரன்ஸ் பகுதியில் வேலை பார்க்கும் அண்ணாச்சியிடமோ அம்மாவிடமோ போய், "பழைய சென்சஸ், கெஜட் எல்லாம் எந்த அலமாரி?" என்று நேராகக் கேளுங்கள். கடைசி வரிசையில், வெளிச்சம் குறைந்த மூலையில், முதுகில் தங்க எழுத்து பாதி உதிர்ந்த பைண்டு வால்யூம்கள் இருக்கும். அதுதான் நீங்கள் தேடி வந்தது.

கையில் எடுத்தால் முதலில் கடைசிப் பக்கத்தைத் திருப்புங்கள். கணக்கெடுப்புக் கையேடுகளிலும் கெஜட்டியர்களிலும் மடித்து வைத்த வரைபடம் அங்கேதான் இருக்கும், பல நேரம் உள்ளட்டையில் ஒட்டிய ஒரு பைக்குள். விரித்தால் தாலுகா எல்லை, கடலோரக் குப்பங்கள், உப்பளம், பழைய ரோடு எல்லாம் தெரியும். இணையத்தில் கிடைக்கும் ஸ்கேன்களில் இந்த வரைபடம் மடித்தது மடித்தபடியே படமெடுக்கப்பட்டிருப்பதைப் பலமுறை பார்க்கலாம்: ஒரு வெள்ளைச் செவ்வகம், ஓரத்தில் கடலின் நீலம் ஒரு விரல் அகலம், அவ்வளவுதான். கடற்கரை சம்பந்தப்பட்ட வேலைக்கு அந்த வரைபடம்தான் பாதிப் புத்தகம். போன் போதும் என்று சொல்கிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் பதில் இது. தாள் மொறமொறவென்று ஒடியும் பதத்தில் இருக்கும், மடிப்பில் கை வைக்காமல் மேசை மேல் முழுசாக விரித்துப் பாருங்கள்.

ஆனால் போனைக் குறைத்துச் சொல்லவும் மாட்டேன். புதிய கெஜட், புதிய அரசாணை, கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிப்பு (1991, 2011, 2019 என்று மூன்று உண்டு, உங்கள் பிரச்சினை எந்த ஆண்டு நடந்ததோ அந்த ஆண்டில் எது அமலில் இருந்ததோ அதைப் பாருங்கள்), பட்டா, அ-பதிவேடு (சர்வே எண்வாரியான கிராம நிலப் பதிவேடு), இதற்கெல்லாம் பஸ் ஏறுவது வேண்டாத வேலை. கச்சத்தீவு பற்றி 1974, 1976 ஒப்பந்தங்களும் நாடாளுமன்றத்தில் நடந்த விவாதமும் இணையத்திலேயே கிடைக்கின்றன, டீக்கடையில் சண்டை போடுவதற்கு முன் அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும். கணக்கெடுப்புத் துறையின் தளத்தில் பழைய தொகுதிகள் பல இலவசமாக இருக்கின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய அரசு நூல்களும் உண்டு.

போனில் கிடைப்பவற்றிலேயே எனக்கு அதிகம் பிடித்தது 'சோத்கங்கா'. இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகளை இலவசமாகப் படிக்கத் தரும் தளம். மதுரையிலும் காரைக்குடியிலும் ராமநாதபுரத்தைப் பற்றி ஆய்வு செய்தவர்கள் நிறைய, ஜமீன், துறைமுகம், முத்துக்குளிப்பு, கோயில் என்று. ஆய்வேட்டின் வாதம் உங்களுக்கு உதவாமல் போகலாம், நடையைப் பற்றிப் பேசவே வேண்டாம், ஆனால் அடிக்குறிப்புகளைப் பாருங்கள். "அரசாணை எண் இன்னது, வருவாய்த் துறை, தேதி இன்னது" என்று வரிசையாக இருக்கும். எழும்பூரில் மாதக்கணக்கில் உட்கார்ந்து ஒருவர் தேடிப் பிடித்த எண்கள் அவை. அதை எடுத்துக் குறித்துக்கொண்டால் உங்கள் தேடல் பாதி முடிந்தது. அந்த எண் சரிதானா என்று மூலத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள், ஆய்வேட்டில் அச்சுப்பிழை இருந்தால் உங்கள் மனுவும் அதே பிழையோடு போய் நிற்கும்.

மீன், கடல், தீவு சம்பந்தப்பட்டது என்றால் காரைக்குடிக்கும் முன்னால் மண்டபம். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமையகமே 1949 முதல் 1971 வரை மண்டபம் கேம்ப்பில்தான் இருந்தது, பிறகுதான் கொச்சிக்குப் போனது. மண்டபத்தில் இன்றும் அதன் மையம் நடக்கிறது. அவர்களுடைய வெளியீடுகள் பெரும்பாலும் இணையக் களஞ்சியத்தில் இலவசம். மீன்வரத்துப் புள்ளிவிவரம், வலை வகை, சங்கு, கடல் அட்டை, பவளப்பாறை, இதில் எந்தப் பல்கலைக்கழகமும் இதற்குப் பக்கத்தில் வராது. இதைவிடப் பழையது வேண்டுமானால் சென்னை மாகாண மீன்துறையின் வெளியீடுகள்: ஜேம்ஸ் ஹார்னெல் 1914-ல் சங்கு பற்றியும் 1922-ல் மன்னார் வளைகுடா, பாக் நீரிணை முத்துக்குளிப்பு பற்றியும் எழுதியவை. ஸ்கேன் நன்றாகவே கிடைக்கிறது. சங்குக்கு இன்னொரு இடமும் உண்டு, யாரும் அங்கே பார்ப்பதில்லை. சட்ட நூல் அலமாரி. இந்தியன் லா ரிப்போர்ட்ஸ் மெட்ராஸ் வரிசையின் 27-வது தொகுதியில் நம் கடலில் சங்கு எடுத்தது திருட்டா இல்லையா என்று ஒரு வழக்கு இருக்கிறது, ராமநாதபுரம் ராஜாவிடம் குத்தகை எடுத்த சங்குப் படுகை சம்பந்தப்பட்டது. கடலின் அடிமண்ணில் யாருக்கு என்ன உரிமை இருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான அச்சுச் சான்று சுலபத்தில் கிடைக்காது. சட்டப் பகுதி நன்றாக உள்ள நூலகம் என்றால் நான் இதையும் கேட்பேன்.

எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கு எப்போது போவது? எண் கையில் வந்த பிறகு, அதுவும் கோப்புதான் வேண்டும் என்று உறுதியான பிறகு. 1670 முதல் உள்ள ஆவணங்களை வைத்திருக்கும் இடம், 1909-லிருந்து அந்தக் காந்தி இர்வின் சாலைக் கட்டடத்தில் இருக்கிறது, ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். அரசாணைகளும் ரெவின்யூ போர்டு நடவடிக்கைகளும்தான் நமக்கு அங்கே முக்கியம். (போர்டு 1980-ல் கலைக்கப்பட்டது, ஆகவே அதற்குப் பிந்தைய காலத்துக்குப் போர்டு நடவடிக்கை என்று கேட்காதீர்கள்.) ஆய்வாளராகப் பதிவு செய்ய விண்ணப்பமும் வழிகாட்டியின் அல்லது நிறுவனத்தின் பரிந்துரைக் கடிதமும் வேண்டும், முன்கூட்டியே கேட்டுத் தயார் செய்துகொண்டு போங்கள். ஆண்டுவாரியான அட்டவணைத் தொகுதியில் எண்ணைப் பார்த்துச் சீட்டு எழுதிக் கொடுத்தால் எடுத்து வருவார்கள். ஒருவேளை அந்தக் கோப்பு பைண்டிங்குக்குப் போயிருக்கலாம், இன்னொரு கோப்போடு சேர்த்துக் கட்டியிருக்கலாம், அன்றைக்குக் கிடைக்காமலும் போகலாம். மாணவர்களுக்கு இது நல்ல இடம். வலையையும் படகையும் விட்டுவிட்டு வருகிறவருக்கு அங்கே தங்கிச் சாப்பிட்டுத் தேடுவது கட்டுப்படியாகாது, சங்கத்தில் யாராவது ஒரு ஆய்வு மாணவரைப் பிடித்து அவர் மூலமாகச் செய்வதே புத்திசாலித்தனம்.

தகவல் உரிமை மனு எழும்பூரைவிட மலிவு, பல சமயம் வேகமும்கூட. மாநில அரசு அலுவலகம் என்றால் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும், நகலுக்குப் பக்கம் இரண்டு ரூபாய், முப்பது நாளில் பதில். மத்திய அரசு என்றால் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் செல்லாது, போஸ்டல் ஆர்டர் மாதிரி வேறு வழியில் கட்ட வேண்டும். இந்தச் சின்ன வித்தியாசத்தில் திரும்பி வரும் மனுக்கள் ஏராளம். தனுஷ்கோடிப் புயல் ஆவணங்களைத் தேடுகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்: 1964 டிசம்பர் 22 இரவில் அடித்துப் போன ரயில் ரயில்வேயின் சொத்து, அதன் ஆவணம் மத்திய அரசுடையது. குடியிருக்கத் தகுதியற்ற இடம் என்று அறிவித்ததும் நிவாரணமும் மாநில அரசு. புயலின் பாதையும் வேகமும் வானிலைத் துறை, அவர்களுடைய ஆய்விதழின் பழைய இதழ்கள் இணையத்தில் இலவசம். ஒரே இரவு, மூன்று அலமாரி. எல்லாவற்றையும் ஒரே மனுவில் கலெக்டர் அலுவலகத்துக்கு எழுதினால் மூன்றில் ஒன்றுக்குத்தான் பதில் இருக்கும்.

மனுவில் "ஏன்" என்று கேட்காதீர்கள். "ஏன் எங்கள் மனையைப் புறம்போக்கு ஆக்கினீர்கள்" என்றால் அது தகவல் வரையறைக்குள் வராது என்று நாலு வரியில் முடித்துவிடுவார்கள். "இன்ன சர்வே எண்ணுக்கான செட்டில்மென்ட் பதிவேட்டின் பக்கமும் யு.டி.ஆருக்கு முந்தைய அ-பதிவேட்டின் பக்கமும் சான்றிட்ட நகலாக வேண்டும்" என்று கேட்டால் கொடுத்தாக வேண்டும், இல்லை என்றால் இல்லை என்று எழுதித் தர வேண்டும். யு.டி.ஆர்., அதாவது நில உடைமைப் பதிவேடுகளைப் புதுப்பித்த வேலை, நடந்தது 1979-லிருந்து 1987 வரை, பெயர் மாறியது, பரப்பு குறைந்தது என்று நம் பக்கத்தில் எழும் பாதித் தகராறு அதில் தொடங்கியதுதான், ஆகவே அதற்கு முன், அதற்குப் பின் என்று இரண்டு பக்கத்தையும் கேளுங்கள். எது எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை என்றால் நகலுக்குப் பதில் பார்வையிட அனுமதி கேட்கலாம். முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் கிடையாது, ரெக்கார்டு ரூமில் கட்டை அவிழ்த்துப் பார்த்தால் நாம் கேட்க நினைக்காததும் கண்ணில் படும்.

கையில் பழைய கடிதம் ஏதாவது இருந்தால் அதன் தலைப்பில் உள்ள எழுத்தைப் பாருங்கள். ந.க. என்று இருந்தால் அப்போது நடப்பில் இருந்த கோப்பு. முடிந்த கோப்பாக இருந்தால் ஓ.மு., மூ.மு., ப.மு., நி.மு. என்று ஏதோ ஒன்று இருக்கும். ஓராண்டு, மூன்றாண்டு, பத்தாண்டு, நிரந்தரம் என்று அந்தக் கோப்பை வைத்திருக்க வேண்டிய காலம் அது. ஆங்கிலத்தில் எழுதிய காலத்துத் தாளில் பத்தாண்டுக்கு டி.டிஸ்., நிரந்தரத்துக்கு ஆர்.டிஸ். என்று இருக்கும். 1988-ல் வந்த மூ.மு. கடிதத்தின் கோப்பை இன்றைக்குக் கேட்டால் அழிக்கப்பட்டது என்றுதான் பதில் வரும், அதற்காக மேல்முறையீடு வரை போவது நேர விரயம். நி.மு. என்று இருந்தால் விடாதீர்கள். "கிடைக்கவில்லை" என்ற பதில் நிரந்தரக் கோப்புக்குச் செல்லுபடியாகாது என்று எழுதி முதல் மேல்முறையீட்டைத் தட்டுங்கள், கெடு முப்பது நாள்.

நூலகப் பிரதிக்கு ஒரு குறை உண்டு என்பதை நீதிமன்றம் போகிறவர்கள் மறக்கக் கூடாது. மதுரையில் ஜெராக்ஸ் எடுத்த பக்கத்தில் நூலக முத்திரை இருக்கலாம், ஆனால் அது அந்த ஆவணத்தைப் பாதுகாப்பில் வைத்திருக்கும் அதிகாரி தரும் சான்றிட்ட நகல் ஆகாது. வக்கீலிடம் காட்டவும், மனுவில் எண்ணைக் குறிப்பிடவும், எதிர்த்தரப்பு வாயடைக்கவும் அது போதும். தாக்கல் செய்ய தாலுகா அலுவலகத்திலோ சம்பந்தப்பட்ட துறையிலோ நகல் மனு போட்டுச் சீலும் கையெழுத்தும் வாங்க வேண்டும். தேதி நெருங்கிய வழக்கு என்றால் நூலகத்தையே விட்டுவிட்டு இதைத்தான் முதலில் செய்ய வேண்டும், இங்கே என் வரிசை தலைகீழ்.

மற்றபடி நம் கடற்கரையில் யாருக்கு எது என்று கேட்டால்: கல்லூரி ப்ராஜெக்ட் எழுதும் பிள்ளைக்கு சோத்கங்காவும் காரைக்குடியும் தாராளம், முனைவர் பட்டம் என்றால் மதுரையும் எழும்பூரும் இல்லாமல் ஆகாது. பட்டா தகராறு உள்ளவருக்கு எந்தப் பல்கலைக்கழகமும் வேண்டாம், தாலுகா அலுவலகமும் பத்து ரூபாய் ஸ்டாம்பும்தான். தீவுகளின் பிரச்சினை உள்ளவர்கள் மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவை 1986-ல் அறிவித்த கெஜட் பக்கத்தை முதலில் கையில் எடுங்கள், 21 தீவுகளையும் எல்லையையும் அறிவிப்பு எப்படிச் சொல்கிறது என்பதை அதன் சொல்லிலேயே படியுங்கள், 1989-ல் வந்த 10,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகத்தோடு அதைப் போட்டுக் குழப்பாதீர்கள், இரண்டுக்கும் விதி வேறு.

மூன்று நாள், நான்கு நாள் தாளைத் தேடுகிற சங்கத்தாருக்கு நான் சொல்லும் வழி இது. 1983 கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தையும் அதன் விதிகளையும் போனில் படித்துவிடுங்கள், கரையிலிருந்து எவ்வளவு தூரத்துக்குள் விசைப்படகு தொழில் செய்யக் கூடாது என்பது அங்கேதான் வரும். அப்புறம் பாக் நீரிணை மீனவர்களைப் பற்றிய ஆய்வேடுகளின் அடிக்குறிப்பில் நாள் பிரிப்பு எந்த உத்தரவு என்று போடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஆய்வேட்டில் இல்லையென்றால் மதுரையில் மீன்வளத் துறையின் ஆண்டறிக்கைகளையும் மானியக் கோரிக்கைக் குறிப்புகளையும் ஆண்டு வரிசையில் புரட்ட வேண்டும், அலுப்பான வேலை, இரண்டு பேராகப் போய்ப் பங்கு போட்டுக்கொள்ளுங்கள். துறை, எண், தேதி கிடைத்ததும் மீன்வளத் துறைக்கு ஒரு மனு, மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு ஒரு மனு, இரண்டையும் ஒரே நாளில் தபாலில் அனுப்பி, ரசீதைச் சங்கத்து ஃபைலில் குத்தி வையுங்கள். வருகிற நகலை இரண்டு செட் எடுத்து ஒன்றை வேறு ஆள் வீட்டில் வைத்துவிடுங்கள்.